ஒருமுறை அநுரவுக்கு, மறுமுறை தமிழரசுக்கு: வன்னிச் சனம் வரலாற்றிலிருந்து எதையும் படிக்கவில்லையா?

கேட்டவர் இரண்டு தேர்தலை வைத்துக் கேட்டிருக்கிறார். 2024 நவம்பர் 14இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் வன்னி மாவட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி முதலிடத்துக்கு வந்தது. ஆறு மாதம் ஆகவில்லை, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி முன்னுக்கு வந்துவிட்டது. முள்ளிவாய்க்காலைக் கண்ட சனம் இப்படி மாறி மாறிப் போடுவதென்றால் பட்டதையெல்லாம் மறந்துவிட்டதா என்பது அவருடைய கேள்வி.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளை. இந்தக் கேள்வியை வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரும் தொலைபேசியில் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சரியாகப் பாருங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததுதான் வன்னித் தேர்தல் மாவட்டம். (கிளிநொச்சி எங்களுக்கு வன்னிதான், வாக்குச்சீட்டில் மட்டும் யாழ்ப்பாணம்.) ஆறு ஆசனத்தில் தேசிய மக்கள் சக்தி எடுத்தது இரண்டு. அதற்கு விழுந்தது மொத்த வாக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மிச்ச நாலு பங்கும் பல கட்சிகளுக்குச் சிதறியதால் அது முதலாவதாக வந்தது. இங்கே தமிழர் மட்டும் வாக்காளர் இல்லை, முஸ்லிம் சனமும் சிங்களச் சனமும் இருக்கிறார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஜனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் முன்னுக்கு நின்றவர் சஜித் பிரேமதாச. ஆகவே "வன்னி அநுரவின் பக்கம் சாய்ந்துவிட்டது" என்ற பேச்சு அன்றைக்கே பிழை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் நேரம் எனக்கு 25 வயது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வாக்குச்சாவடி இல்லை, வாக்குப் போட வேண்டுமென்றால் சோதனைச்சாவடி கடந்து போக வேண்டும். போகக் கூடாது என்பதுதான் அன்றைய நிலைமை, நாங்கள் போகவில்லை. மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்ற வித்தியாசம் சுமார் 180,000 வாக்கு. ரணில் வந்திருந்தால் யுத்தம் வந்திராது என்று நான் சொல்ல மாட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆனால் வாக்கைப் போடாமல் விட்டாலும் அது யாருக்கோ போய்ச் சேரும் என்பதை எங்கள் ஊர் விலை கொடுத்துப் படித்தது.

அதனால்தான் 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் வெளியில் இருந்தவர்களுக்கு விளங்காத ஒன்று நடந்தது. எங்களை அடித்த படைக்குத் தளபதியாக இருந்து, பிறகு மகிந்தவுக்கு எதிராக நின்ற சரத் பொன்சேகாவுக்கு வன்னி மாவட்டம் கூடுதலாக வாக்களித்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இன்னும் சனம் இருந்த நேரம். அம்மாவிடம் "எப்படி மனம் வந்தது?" என்று கேட்டேன். "வீடு எரியேக்க வாளி ஆரின்ர எண்டு பாக்கேலுமோ?" என்றார். 2015இல் மைத்திரிபாலவுக்கும் 2019இல் சஜித்துக்கும் விழுந்த வாக்கும் அதே கணக்குத்தான். அன்பு வைத்துப் போட்ட வாக்கு ஒன்றும் இல்லை.

வரலாறு என்றதும் பலர் கற்சிலைமடுவில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை 1803இல் தோற்கடித்ததாக வெள்ளைக்காரன் நட்ட கல்லைப் பற்றிக் கதைப்பார்கள். எங்கள் வீட்டில் வரலாறு ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. பசளைப் பையின் உள்ளுறையை வெட்டி அம்மா தைத்தது. பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தோட்டக்காணியின் பெர்மிட், கடற்கரைப் பக்கம் தாத்தா வாங்கிய துண்டுக் காணியின் உறுதிப்பத்திரம். 2009 தொடக்கத்தில் ஊரை விட்டு ஓடி, புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று போகும்போது அரிசியை விட்டார், தையல் மெசினை விட்டார், இந்தப் பையை வயிற்றோடு கட்டியிருந்தார். மாத்தளனில் பங்கருக்குள் தண்ணீர் ஏறிய இரவு உறுதி நனைந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் மை கரைந்து நீலக்கோடாகக் கிடக்கிறது. எல்லை சொல்கிற வரியில் "வடக்கு" என்ற சொல் தெரியும், வடக்கில் யாருடைய காணி என்பது தெரியாது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2025 மார்ச் 28இல் அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அரச காணி. உறுதி எரிந்தவர்கள், உறுதிக்காரர் செத்தவர்கள், பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள், எல்லாருக்கும் மூன்று மாதம். அந்த வாரம் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் பைகள் வெளியில் வந்தன. விறாந்தையில் பாய் விரித்துக் கடதாசிகளைக் காயப்போட்ட மாதிரிப் பரப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். நவம்பரில் "இவங்கள் புதுசு, ஊழல் இல்லை, ஒருக்கால் பாப்பம்" என்று தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்ட பக்கத்து வீட்டு அண்ணை அந்தப் பாயிலிருந்து எழும்பிப் போய்த்தான் மே மாதம் தமிழரசின் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டார். ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது.

அண்ணை வரலாற்றை மறந்து நவம்பரில் போடவுமில்லை, மே மாதம் திடீரென்று ஞாபகம் வந்து போடவுமில்லை. இரண்டு தரமும் அவர் கேட்டது ஒன்றுதான்: என் காணி, என் தம்பி எங்கே, என்னை மனிசனாக நடத்துவாயா. முதல் தரம் தமிழ்க் கட்சிகள் ஒன்றோடு ஒன்று சண்டை பிடித்துப் பதில் சொல்லாமல் விட்டதற்குத் தண்டனை. மற்றத் தரம் கொழும்புக்கு. அவருடைய தம்பி 2009 மே 18க்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. 2017இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்துக்கு அவருடைய தாய் சாகும்வரை போனா.

ஆனால் நாங்கள் படிக்காத பாடமும் இருக்கிறது, அதை மறைத்து இந்தப் பதிலை எழுதினால் நான் பொய்யன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனம் முழுவதையும் புலிகள் வெளியேற்றினார்கள். எங்களுக்குப் பக்கத்து நீராவிப்பிட்டியும் வெறுமையானது. எனக்குப் பத்து வயது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் அடுத்த திங்கட்கிழமை வரவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பல வருடம் கழித்து அவர்கள் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து காணி கேட்டபோது, "இவ்வளவு காலமும் எங்க இருந்தவை?" என்று கேட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான். எங்களிடம் அரசாங்கம் கேட்கிற அதே கேள்வி. காணி, கடதாசி, இடம்பெயர்வு என்ற மூன்று சொல்லும் எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்கிறவரை, வடக்கு மாகாண சபைக்குக் காணி அதிகாரம் வேண்டும் என்று கேட்கிற எங்கள் வாய்க்கு வலு வராது. அந்தச் சபைக்கே 2013க்குப் பிறகு ஒரு தேர்தல் நடக்கவில்லை, 2018 ஒக்டோபரோடு அதன் காலமும் முடிந்தது. இதை நான் தேத்தண்ணிக் கடையில் சொன்னால் இன்றைக்கும் ஒரு சிலர் முகத்தைத் திருப்புகிறார்கள்.

போன மாதம் அந்த வகுப்புத் தோழன் வீட்டுக்கு வந்தான். அவனுடைய தகப்பனின் பெர்மிட் 1990இல் வீட்டோடு போய்விட்டது. அந்தக் காணியில் அவர்கள் குடியிருந்ததைத் தெரிந்த, வயதான ஆள் ஒருவர் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டுமாம். அம்மாவுக்கு இப்போது 78. சமாதான நீதவானிடம் கூட்டிக்கொண்டு போனோம். எல்லைகளைக் கேட்டார். கிழக்கே கிணறு, தெற்கே வாய்க்கால், மேற்கே பாலை மரம், அந்தப் பாலைக்குக் கீழே அவனுடைய உம்மா ஆடு கட்டுவா என்று அம்மா தடங்காமல் சொன்னார். கையெழுத்து வைத்துவிட்டு, பிரதி ஒன்றை வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.