அக்காகிட்ட கேளுங்க: வாயில பறி வச்சிருக்கவங்ககிட்ட பேட்டியா?

கேள்வி: அக்கா, எம்.ஏ. மானிடவியல் முடிச்சிட்டேன், பி.எச்டி பண்றவங்களுக்கு மாசாமாசம் வர்ற அரசு உதவித்தொகை ஜே.ஆர்.எஃப்பும் கிடைச்சிடுச்சு. எண்ணூர் பக்கம் இருளர் மக்களோட பி.எச்டி பண்ண ஆசை. அம்மா "ஊர்க்கதை கேக்க எவன்டி காசு குடுப்பான்"ங்கறாங்க. இந்தக் காசு போதுமா, இல்ல ஃபாரின் டிரை பண்ணட்டுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மாகிட்ட கணக்கையே காட்டிடுமா. 2023 ஜனவரில ஏத்தின கணக்குப்படி, ஜே.ஆர்.எஃப்ல மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபா, அப்புறம் 42,000, வாடகைப்படி தனி. ஆனா கன்டிஜென்சினு ஆராய்ச்சிச் செலவுக்குத் தர்ற பணம் இருக்கு பாரு, நம்ம பாடத்துக்கு ஆரம்பத்துல வருஷத்துக்கே 10,000தான், ரெக்கார்டர், ஜெராக்ஸ், பஸ் சார்ஜ் எல்லாம் அதுலதான். தண்டையார்பேட்டைல இருந்து எண்ணூர் போறவளுக்குப் பரவால்ல, நீலகிரில போய் ரூம் எடுத்துத் தங்கறவங்க பாடுதான் திண்டாட்டம். பணம் சில சமயம் லேட்டா வரும், அதுக்குக் கொஞ்சம் கைல வச்சிக்கோ.

அமெரிக்காவுல ஃபீஸும் இல்லாம ஸ்டைபெண்டும் குடுக்கற இடங்க இருக்கு, ஆனா மொத ரெண்டு மூணு வருஷம் கிளாஸ்லயே போயிடும், ஃபீல்டுக்குத் தனியா கிராண்ட் தேடணும். மானிடவியல் ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற வென்னர்-கிரென் ஃபவுண்டேஷன் எந்த நாட்டு பி.எச்டி ஸ்டூடண்டுக்கும் 25,000 டாலர் வரைக்கும் குடுக்குது. எண்ணூருக்கு அமெரிக்கா சுத்தி வரணுமானு நீயே யோசி.

நான் காலேஜ் முடிச்ச புதுசுல ஒரு சர்வேக்கு பேடும் பேனாவுமா கொசஸ்தலையாத்துப் பக்கம் போனேன். ஒரு இருளர் அம்மா தண்ணில குந்தி, சேத்தைக் கையால தடவித் தடவி இறால் புடிக்கிறாங்க, புடிச்சதைப் போடற பனை ஓலைப் பறியை வாயில கவ்விக்கிட்டு இருக்காங்க. நான் கரைல நின்னு "வருமானம் எவ்ளோம்மா"னு கத்தறேன். வாயில பறி, எப்படி பதில் வரும்? கரை ஏறினதும் பறியை எறக்கி வச்சிட்டு, "தண்ணில எறங்கிப் பாத்துட்டுக் கேளு"ன்னாங்க. அந்த சர்வே ஃபார்ம் காலியாவே போச்சு.

அதனால சொல்றேன், இருளர்னாலே பாம்புன்னு எழுதாத. 1978ல ஆரம்பிச்ச பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம், 2023ல ரெண்டு பேருக்குப் பத்மஸ்ரீ, எல்லாம் பெருமைதான், ஆனா சென்னைக்குத் தெக்க வடநெம்மேலி பக்கத்துக் கதை அது. உன் ஊர்க் கதை அனல்மின் நிலையச் சாம்பல் கழிவு தேங்கற கழிமுகம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் பரவுச்சே, அந்தத் தண்ணிலதான் வாயில பறியோட எறங்கறாங்க. இதுல ஒரு தீசிஸ் இல்ல, மூணு இருக்கு.

அப்புறம் எதிக்ஸ் ஃபார்ம், அதான் பேட்டி குடுக்கறவங்க சம்மதம்னு கையெழுத்து வாங்கற காகிதம். அரிசி ஆலை, செங்கல் சூளைனு முன்பணம் வாங்கிக் கொத்தடிமையா மாட்டினவங்க நெறைய பேர் இருக்கற சமூகம், காகிதத்தை நீட்டினா பயம் வராம என்ன பண்ணும்? கைநாட்டு கேக்காத, விஷயத்தைச் சொல்லி அவங்க சம்மதத்தைக் குரல்ல பதிவு பண்ண உன் கைடுகிட்ட அனுமதி கேளு. தென்னாப்பிரிக்காவுல சான்ங்கற பழங்குடி மக்கள் 2017ல ஆராய்ச்சியாளருக்கே நெறிமுறை எழுதிக் குடுத்தாங்க, அதைப் படிச்சிட்டுப் போ. எழுதினதை அச்சுக்கு முன்னாடி அவங்ககிட்ட தமிழ்ல படிச்சுக் காட்டு.

கேள்வி: பேட்டிக்குக் காசு குடுக்கலாமா அக்கா?
- அதே வாசகி

பதில்: உன் பேட்டியால அவங்க பொழப்பு கெட்டா கட்டாயம் குடுக்கணும். அதுக்கு முன்னாடி, தண்ணி வத்தற நேரம் எப்பன்னு விசாரிச்சு அந்த நேரத்துல போகாம இரு, இறால் கிடைக்கறதே அப்பதான். சாதிச் சான்றிதழுக்கு அலையறவங்க உங்கிட்ட மனுவைக் குடுத்தா எழுதிக் குடு, அதுக்குப் பேட்டியைக் கூலியா கேக்காத.