தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் சூடேறும் பழைய லாரி
இழுவைக்காக, எஞ்சினுக்கு டீசல் செலுத்தும் பம்பில் டீசலைக் கூட்ட வேண்டாம். சமதரையில் சீராக ஓடும் வண்டி, சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ஏறும்போது தொப்பூரில் மட்டும் இழுவை குறைந்து, வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது என்கிறீர்கள். டீசலைக் கூட்டினால் கரும்புகையோடு சூடும் ஏறும் என்பதால், முதலில் எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைக் கவனியுங்கள்.

நம் பக்கத்து போர்வெல் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றியிருந்தால், உள்குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எஞ்சின் மிதமாகச் சூடேறியதும் அணைத்துவிட்டு, ஃபேன் முழுவதும் நின்றபின், ரேடியேட்டரின் முகப்புக்கு அருகே புறங்கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். நடுவில் திட்டாகக் குளிர்ந்திருக்கும் இடத்தில்தான் அடைப்பு. அப்படி எதுவும் தட்டுப்படாவிட்டால், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சூட்டுக்கேற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: பைபாஸ் வழியை அதுவே அடைக்கும் எஞ்சின்களில், அது இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.