ஸ்பீக்கர் பெட்டியின் வெளிப்பூச்சு: கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, வீட்டில் செய்த பெட்டிக்கு டெக்ஸ்சர் பெயிண்ட் அடித்தால் சத்தம் மாறுமா?

மாறாது தம்பி. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸிலும் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். அரை மில்லிமீட்டர் சொரசொரப்பு அதை ஒன்றும் செய்யாது. கெடுப்பது முன்பலகையின் கூர்மையான ஓரம். ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர், அதன் ஒலி அங்கே சிதறி, நேராக வரும் ஒலியோடு சற்றுத் தாமதமாகக் கலக்கும். சில அதிர்வெண்கள் தூக்கலாகவும் சில அமுங்கியும் கேட்கும். அமெரிக்க ஒலிப் பொறியாளர் ஹாரி ஓல்சன் 1951-லேயே பல வடிவப் பெட்டிகளின் அளவீடுகளை வெளியிட்டார். உருண்டை வடிவில்தான் ஒலி சீராக வந்தது. பெயிண்ட் காசில் ஆசாரியிடம் ரூட்டர் (மரம் செதுக்கும் மெஷின்) போட்டு ஓரத்தை நன்றாக உருட்டுங்கள். ட்வீட்டர் பலகையோடு சமமாகப் பதியட்டும். அப்புறம், மூட்டுகளில் காற்றுக் கசிவு பாருங்கள்.

சங்கரன்கோவில்: கோயில் கொடைக்கு வாடகைக்குப் போகும் பெட்டி. ரெக்சினா, கார்பெட்டா?

சத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கார்பெட் மழையில் நனைந்தால் லேசில் காயாது. கசிவு பாருங்கள்.

தென்காசி: மணல் கலந்த பெயிண்ட்?

முதல் பதிலைப் படியுங்கள்.

வள்ளியூர்: முன்பலகையில் பத்தமடைப் பாய் ஒட்டலாமா?

அழகுக்கு ஒட்டலாம், ஓரம் தூக்கினால் கிறுகிறுவென்று அதிரும். ட்வீட்டரைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் கம்பளி ஃபெல்ட் ஒட்டினால் பலன் உண்டு, ஓரத்துக்குப் போகும் ஒலியை அது உறிஞ்சும். அங்கே வேலை செய்வது தடிமனும் நாரும்தான், சொரசொரப்பு இல்லை.

பாளையங்கோட்டை: அப்படியானால் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கம்பெனி ஸ்பீக்கரில், போர்ட் (பெட்டியின் காற்றுக் குழாய்) வாயில் கோல்ஃப் பந்து மாதிரி குழி எதற்கு?

சரியான கேள்வி. போர்ட்டில் காற்றே உள்ளும் வெளியும் ஓடுகிறது. வால்யூம் ஏற்றினால் வாயோரத்தில் சுழன்று புஸ்ஸென்று இரையும். அந்தச் சுழலை அடக்கத்தான் குழி. வெளிப்பலகை மேல் அப்படி ஓட்டம் இல்லை.

கடையநல்லூர்: குழி வெறும் விளம்பரம் அண்ணாச்சி. வாயை விரித்தாலே போதும்.

விளம்பரம் என்று தள்ள மாட்டேன். ஆனால் நாம் போர்ட்டாகப் போடும் பிவிசி குழாய்க்கு வாயை விரிப்பதே பெரிய வேலை, அதில் உங்கள் பக்கம்தான்.

பாளையங்கோட்டை: பிவிசியில் நானே குழி போட்டால்?

வேண்டாம். வெட்டிய பிசிறைத் தேய்த்து வாயை விரியுங்கள். இன்னும் இரைந்தால் அகலக் குழாய் போட்டு, நீளத்தையும் கூட்டுங்கள். இல்லையென்றால் ட்யூனிங், அதாவது போர்ட் ஒலிக்கும் அதிர்வெண், மேலே ஏறிவிடும்.

நாங்குநேரி: பெட்டிக்கு உள்ளே டெக்ஸ்சர் அடித்தால்?

பெயிண்ட் எங்கே அடித்தாலும் இதே பதில்தான். உள்ளே பஞ்சு வையுங்கள். கசிவு பார்க்க, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு மூட்டுகளில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை துடிக்கும் இடத்தில் பசை வையுங்கள்.