மானும் குரங்கும் நுழையும் வளவில் மரக்கறி: ஒலிக்கருவி வாங்கலாமா?

கேள்வி: திருகோணமலை நகரில், கோட்டைக்குச் சற்று அப்பால் வசிக்கிறேன். பின்வளவில் பயற்றை, வெண்டி, பசளி, மிளகாய் நட்டிருந்தேன். இரவில் மான்கள் நுழைந்து பயற்றங்கொடியை அடியோடு மேய்ந்துவிட்டன. பகலில் குரங்குகள் வெண்டிப் பிஞ்சுகளை முறித்து எறிகின்றன. மனிதருக்குக் கேட்காத ஒலியை எழுப்பி விலங்குகளை விரட்டும் கருவி என்று கடையொன்றில் 18,000 ரூபா சொல்கிறார்கள். வாங்கலாமா? மாரிக்கு முன் வேறு என்ன செய்யலாம்?

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தைக் கம்பிவலைக்கு ஒதுக்கிவையுங்கள். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலி திறந்த வெளியில் சற்றுத் தூரம் செல்வதற்குள்ளேயே வலுவிழந்துவிடும். இடையில் ஒரு செடியோ சுவரோ இருந்தால் அதற்கு அப்பால் போய்ச் சேராது. புதிய சத்தத்துக்கு மான் முதல் சில இரவுகள் தயங்கக்கூடும். தனக்கு ஒன்றும் நேரவில்லை என்று கண்டபின் கருவியின் எதிரிலேயே நின்று மேயும். இத்தகைய கருவிகளைத் தயாரித்தும் விற்றும் வந்த 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2001ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை விடுத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே வகைப் பெட்டிகள் நம் ஊர்க் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. விற்பவரிடம் ஆதாரம் கேட்க இங்கு யாரும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரும் மனத்தாங்கல்.

உங்களுக்கு இருப்பது ஒரு தொல்லையன்று, இரண்டு. மான் நிலத்தால் வருகிறது. குரங்கு மேலால் வருகிறது. புள்ளிமானால் நன்றாகப் பாய முடியும் என்றாலும், வேலிக்குக் கீழே இடைவெளி கிடைத்தால் அதனூடாகக் குனிந்து நுழைவதையே அது விரும்பும். ஆகையால் வேலியை இன்னும் உயர்த்துவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது அதன் அடிப்பகுதியில் காட்ட வேண்டும். படலைக்குக் கீழே ஒரு பலகை அடித்து இடைவெளியை மூடுங்கள். குரங்குக்கோ எந்த உயரமும் பொருட்டல்ல. மாமரக் கிளையொன்றோ அயல்வீட்டுக் கூரையோ அதற்குப் போதும். கூரை இல்லாத எந்த வேலியும் குரங்கைத் தடுக்காது.

எனவே முழு வளவையும் காக்க முயலாமல், 12 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் கொண்ட ஒரேயொரு வலைக்கூட்டை அமைத்து, நான்கு பக்கமும் மேற்புறமும் மூடி, அதற்குள் பயிரிடுவதே ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வழி. பக்க வலையின் அடியில் ஓரடியை வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதைத்தால் மொத்தம் ஏறக்குறைய 325 சதுர அடி வலை தேவைப்படும். தூண்களுக்குப் பனஞ்சலாகை நல்லது. வலைக்கண் ஓரங்குலத்துக்கு மேற்படக் கூடாது. அதைவிடப் பெரிதானால் குரங்கு கையை விட்டுச் செடியை இழுத்துவிடும். ஓரங்குலக் கண்ணில் தேனீ தாராளமாகப் போய்வரும் என்பதால் காய்ப்பிடிப்புக் குறையும் என்று அஞ்ச வேண்டாம்.

வலை வாங்கும்போதுதான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். கம்பியின் தடிப்பைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 14 கேஜ் கம்பி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பு, 20 கேஜ் அதில் பாதிக்கும் குறைவு. இதை அறியாதவரிடம் "இது 20, அதைவிடப் பலம்" என்று கூசாமல் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணை நம்பாமல் கம்பியை விரலால் வளைத்துப் பாருங்கள். கடற்காற்று படும் இடத்தில் மலிவான கோழிக்கூட்டு வலை விரைவில் துருப்பிடித்து உதிரும். பிளாஸ்ரிக் பூச்சுள்ள வலை விலை கூடினாலும் நெடுநாள் நிற்கும். பச்சை நிற நிழல் வலையைக் குரங்குக்கு எதிராகப் பரிந்துரைப்பவர் எவராயினும், குரங்கின் பல்லைக் கண்டிராதவர்.

நமது ஊரில் பழைய மீன்வலை எளிதாகக் கிடைப்பதால் அதைக் கட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கட்ட வேண்டாம் என்பதே என் பதில். இதற்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிழையாக விளங்கிக்கொள்ளாதிருக்க விரிவாகவே சொல்கிறேன். பல இழைகளை முறுக்கிச் செய்த, முடிச்சுள்ள தடித்த நைலோன் வலையாக அது இருக்க வேண்டும். மெல்லிய ஒற்றை இழையால் ஆன தங்கூசி வலை எக்காரணம் கொண்டும் கூடாது, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாமல் பாம்பு, உடும்பு, பறவை, மான்குட்டி என எல்லாவற்றையும் சிக்கவைத்து மெல்லக் கொல்லும். தடித்த வலையாயினும் தொய்வாகத் தொங்கினால் ஆண்மானின் கொம்பு சிக்கிக்கொள்ளும். ஆகவே நான்கு பக்கமும் சட்டம் அடித்து, கையால் தள்ளினால் உள்வாங்காத அளவுக்கு இழுத்து ஆணியடிக்க வேண்டும். வெள்ளைத் துணி நாடாக்களை ஆங்காங்கே கட்டினால் இரவில் விலங்கின் கண்ணுக்குப் படும். இவ்வளவும் செய்தாலும் அது மானை மட்டுமே தடுக்கும். குரங்கு கடித்து வழி எடுத்துவிடும். குரங்கு வராத வளவில், மானுக்கு மட்டும், இழுத்துக் கட்டிய தடித்த வலை: விதிவிலக்கு இவ்வளவுதான். உங்கள் வளவுக்கு இது பொருந்தாது.

இன்னும் இருவர் உங்கள் படலைக்கு வரக்கூடும். ஒருவர், குரங்கைக் கூட்டில் பிடித்துத் தொலைவில் விடுவதாகச் சொல்லிக் காசு கேட்பவர். அவர் கொண்டுபோய் விடும் குரங்கு இன்னொரு கிராமத்துத் தோட்டத்தை அழிக்கும். உங்கள் மாமரத்துக்கு வேறொரு கூட்டம் வந்து சேரும். மற்றவர், வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர். அது குற்றம், விலங்கு சாவதற்கு முன் அயல்வீட்டுப் பிள்ளை சாகலாம். அந்தப் பேச்சை முற்றத்திலேயே நிறுத்திவிடுங்கள். மானைப் பிடிப்பதும் துன்புறுத்துவதும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தண்டனைக்குரியவை. சொந்தக் காணி என்பதால் சுருக்கு வைக்கும் உரிமை கிடைத்துவிடாது.

இந்த நகரின் மான்கள் சுற்றுலாப் படங்களில் ஊரின் பெருமையாகக் காட்டப்படுகின்றன. அவை தோட்டத்தை மேய்ந்துவிட்டால் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதுதான் ஒருவருக்கும் விளங்குவதில்லை. விலங்குக்கு ஓர் அலுவலகம், பயிருக்கு இன்னொன்று, விலங்கை ஊருக்குள் இழுக்கும் குப்பைக்கு வேறொன்று. 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம், நாடு முழுவதும் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கை வேண்டியதுதான், ஆனால் வீட்டுத் தோட்டக்காரருக்குத் தரமான வலை மானிய விலையில் கிடைக்க வழிசெய்வதற்கு இன்னும் எதை எண்ணி முடிக்க வேண்டும்? அதுவரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். பழத்தோலையும் சோற்று மிச்சத்தையும் படலையடியில் கொட்டாதீர்கள். இரக்கத்தால் மானுக்கு வாழைப்பழம் கொடுக்கும் அயலவரிடமும் தன்மையாகச் சொல்லுங்கள். குப்பையோடு பொலித்தீனையும் விழுங்கி அந்த விலங்குகள் படும் துன்பத்தைச் சொன்னால் கேட்பார்கள்.

பயிர்களை இப்படிப் பிரித்து நடுங்கள். பயற்றை, வெண்டி, பசளி, கங்குன் ஆகியவை கூட்டுக்குள் இருக்கட்டும். மிளகாய், கத்தரி, மஞ்சள், பாகல் ஆகியவற்றை விலங்குகள் அவ்வளவாக நாடாததால் வெளியே நடலாம். வரட்சி கடுமையான நாட்களில் பசித்த மான் இவற்றையும் கடித்துப் பார்க்கும். எமது மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை என்பதால், செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் கூட்டைக் கட்டி முடித்து, வலையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளிப் பாத்தி கட்டுங்கள். விதை தெரிவு பற்றி ஐயம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். நமது மணற்பாங்கான நிலத்தில் பெருமழை வலையின் அடியை அரித்துவிடும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கூட்டைச் சுற்றிவந்து, வெளித்தெரியும் இடங்களில் மண் அணைத்து மிதித்துவிடுங்கள்.