கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது? கொரோனாவும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சிறுநீரக மாற்று செய்து மூன்று வருடம். கொரோனா வந்து வாட்டில் போட்டால் திரும்ப மாட்டார் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா, டொக்டர்? (வெள்ளவத்தை)

பதில்: சொந்தக்காரர்கள் 2020ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த வருடம், தடுப்பூசி வருவதற்கு முன், உறுப்பு மாற்றுச் செய்தவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வைத்தியசாலையில் சேர்ந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 20.5 வீதம். பெரிய எண்தான். ஆனால் அந்த மோசமான காலத்திலேயே ஐந்து பேரில் நான்கு பேர் தப்பியிருக்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 65 வயதைத் தாண்டியது, இதயம் பலவீனமாக இருந்தது, நாட்பட்ட சுவாசப்பை நோய், அதிக உடற்பருமன் ஆகியவைதான் இறப்போடு கூடப் போயின. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளுசைகளை எவ்வளவு எடுத்தார்கள் என்பது அப்படி நிற்கவில்லை. அதனால் உங்கள் அப்பா விஷயத்தில் நான் முதலில் கேட்பது அவருடைய இதயத்தைப் பற்றியும் நிறையைப் பற்றியும்தான்.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். 2022இல் இங்கிலாந்தில் கணக்குப் பார்த்தபோது எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மக்கள்தொகையில் 3.9 வீதம்தான். கொரோனாவால் வைத்தியசாலைக்கு வந்தவர்களிலோ அவர்கள் ஏறக்குறைய 22 வீதம், இறந்தவர்களில் 24 வீதம். ஊருக்கெல்லாம் அது தடிமனாகிப் போன பிறகும் இவர்களுக்கு அப்படி ஆகவில்லை. காய்ச்சல் தொடங்கிய அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள், "நாளைக்குப் பார்ப்போம்" வேண்டாம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா பக்ஸ்லோவிட் என்ற கொரோனா மருந்துப் பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறார். அம்மாவும் சிறுநீரக மாற்று நோயாளி. காய்ச்சல் வந்தால் உடனே கொடுத்துவிடலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: கொடுக்க வேண்டாம். அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து, டக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களில் பெரும்பாலானோர், உடல் அதைத் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இவற்றில் ஒன்றை எடுப்பார்கள். பக்ஸ்லோவிட்டில் இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று வைரஸைப் பிடிப்பது. மற்றது ரிட்டோனாவிர், முதல் மருந்தை ஈரல் சீக்கிரம் உடைத்துவிடாமல் தடுப்பது. அந்த ரிட்டோனாவிர் டக்ரோலிமஸையும் உடைய விடாது. அது இரத்தத்தில் பல மடங்கு ஏறி, யாரோ தானம் தந்த சிறுநீரகத்தையே கெடுக்கும். கை நடுங்கும், சிலருக்கு வலிப்பும் வரும்.

இதைக் கொடுக்கவே முடியாது என்றில்லை. டக்ரோலிமஸை நிறுத்தி, இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தொடங்கும் முறை உண்டு. அது வைத்தியசாலை வேலை, வீட்டு வேலை இல்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு பக்ஸ்லோவிட்டின் அளவும் குறையும். மூன்று நாள் ஊசியாக ஏற்றும் ரெம்டெசிவிர் இந்தச் சிக்கல் இல்லாத வழி. எதுவானாலும் முதல் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும். பக்ஸ்லோவிட்டுக்கு அந்தக் கெடு ஐந்து நாள். பெட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அண்ணாவின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: மாமிக்கு நிணநீர்ப் புற்றுநோய், மகரகமவில் சிகிச்சை. ரிட்டுக்ஸிமாப் ஏற்றுகிறார்கள். கொரோனா வந்து ஐந்து வாரமாகியும் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, பிசிஆரும் பொசிட்டிவ். "செத்த வைரஸ்தான், விடுங்கள்" என்று ஒருவர் சொன்னார். (தெஹிவளை)

பதில்: சாதாரண ஆட்களுக்கு அந்தப் பேச்சு சரி. மாமிக்குச் சரிவராது. ரிட்டுக்ஸிமாப், எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் பி செல்களை மாதக்கணக்கில் துடைத்துவிடும். வைரஸ் முழுதாக வெளியேறாமல் உள்ளேயே பெருகிக்கொண்டிருக்கலாம். 2020இல் அமெரிக்காவில் பதிவான ஒரு நோயாளிக்கு இப்படி ஐந்து மாதம் தொடர்ந்து, கடைசியில் அவர் இறந்தார். வைரஸும் அவர் உடலிலேயே உருமாறிக்கொண்டு போனது. ஆகவே காய்ச்சல் இருக்கும்வரை இது நடப்புத் தொற்று என்றே எடுத்து, சுவாசப்பையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். அடுத்த ரிட்டுக்ஸிமாப்பைத் தள்ளிப்போடுவதா என்பதைப் புற்றுநோய் வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரத்தப் புற்றுநோய்க்காரர்களின் கணக்கு சிறுநீரக மாற்றுக்காரர்களின் கணக்கைவிடக் கடுமையானது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2020 வரையான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வைத்தியசாலையில் சேர்ந்த வயதுவந்தவர்களில் 34 வீதம் இறந்திருந்தார்கள். ஆனால் இவர்களுக்குள்ளும், தொற்றிய செல்களைத் தாக்கும் டி செல்கள் நன்றாக இருந்தவர்கள், பி செல்களே இல்லாதபோதும், கூடுதலாகப் பிழைத்தார்கள்.

கேள்வி: அப்படியென்றால் எதிர்ப்புப் புரதப் பரிசோதனை செய்து, பூச்சியம் வந்தால் தடுப்பூசி வீண்தானே? (பம்பலப்பிட்டி)

பதில்: வீண் இல்லை, காரணம் மேலே சொன்ன டி செல்கள்தான். அந்தப் பரிசோதனை அவற்றை எண்ணுவதில்லை. இரண்டு டோஸ் எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு உறுப்பு மாற்றுக்காரர்களில் 54 வீதமானோருக்குத்தான் எதிர்ப்புப் புரதம் வந்தது என்று 2021இல் கண்டார்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து அதே வருடம் பார்த்தபோது, வைத்தியசாலைக்குப் போகாமல் அந்த ஊசி 77 வீதம் காத்தது. மற்றவர்களுக்கு 90. குறைவு, ஆனால் விடக்கூடிய அளவா? ரிட்டுக்ஸிமாப் எடுப்பவர்கள் அடுத்த ஏற்றலுக்கு இரண்டு முதல் நான்கு கிழமை முன்னால் ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: தங்கைக்கு லூபஸ், எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய். கொரோனாவுக்கு வாட்டில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் கொடுத்தார்கள். ஏற்கெனவே பலவீனமானவளை இன்னும் அடக்குவதா? (வத்தளை)

பதில்: நல்ல கேள்வி. முதல் வாரம் வைரஸின் வாரம். ஒட்சிசன் தேவைப்படும் கட்டத்தில் சேதத்தின் பெரும் பங்கை உடலின் சொந்த அழற்சிதான் செய்கிறது. பிரிட்டனில் 2020இல் நடந்த ரிக்கவரி ஆய்வில் நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் கொடுத்தார்கள். இயந்திரத்தில் மூச்சு விட்டவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசனில் இருந்தவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. தங்கைக்கு ஒட்சிசன் வைத்திருந்தால் அவர்கள் செய்தது சரி.

நம் நாட்டில் ஒரு சிறு எச்சரிக்கை உண்டு. வெறுங்கால் வழியாக மண்ணிலிருந்து ஏறும் ஒரு குடற்புழு, ஸ்டீரொய்ட் கொடுத்ததும் உடலெங்கும் பரவக்கூடும். தோட்டத்தில் செருப்பில்லாமல் வளர்ந்தவர் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் எடுக்கும் பிரெட்னிசலோன் ஸ்டீரொய்டைக் காய்ச்சல் நேரத்தில் நிறுத்தலாமா? (மட்டக்குளி)

பதில்: திடீரென்று ஒருபோதும் நிறுத்தாதீர்கள். நாட்பட எடுத்தவரின் அதிரினல் சுரப்பி, உடலின் சொந்த ஸ்டீரொய்டைச் சுரப்பது, தூங்கிப்போயிருக்கும். இரத்த அழுத்தம் விழுந்து, கொரோனாவைவிட அது முந்திக்கொள்ளும்.

கேள்வி: கொத்தமல்லி, சீந்தில், எதிர்ப்புச் சக்தி கூட்டும் பாணி? (கிரான்ட்பாஸ்)

பதில்: கொத்தமல்லி அவித்த தண்ணீர் குடியுங்கள், எனக்கும் பிடிக்கும். சீந்தில் வேண்டாம். தொற்றுக் காலத்தில் அதைக் குடித்து ஈரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி மும்பை வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். பாணி என்றால், 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாப் பாணி வாங்க நின்ற வரிசை ஞாபகம் இருக்குமே, அந்தக் கூட்டமே தொற்றுக்கு வசதி. உறுப்பு மாற்றுக்காரர்கள் ஜம்போலாவும் (பம்பளிமாஸ்) சாப்பிடக்கூடாது. டக்ரோலிமஸை அதுவும் ஏற்றிவிடும்.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ளவருக்கு? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: மருந்தை ஒழுங்காக எடுத்து, சிடி4 எண்ணிக்கை (எச்.ஐ.வி. தாக்கும் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) நன்றாக இருந்தால், மற்றவர்களை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. சிடி4 200க்குக் கீழே என்றால் மேலே சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் உங்களுக்கும்தான்.

கேள்வி: லேசான தடிமனோடு, கீமோ ஏற்றியிருக்கும் சித்தியை வாட்டில் பார்க்கப் போகலாமா? (வெள்ளவத்தை)

பதில்: சாப்பாட்டுப் பார்சலைத் தடிமன் இல்லாத ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வீட்டிலிருந்தே வீடியோ கோல் எடுங்கள்.