தொட்டதும் உறைந்துபோகிறான்… என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் இருவரும் ஆண்கள். எனக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. சத்துவாச்சாரியில் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். அவன் சிறுவயதில் உறவுக்காரர் ஒருவரின் பாலியல் கொடுமைக்கு ஆளானவன். எனக்கு முன்பு இருந்த காதலன் அடிப்பான், போனைப் பிடுங்கிப் பார்ப்பான். இப்போது நான் பின்னாலிருந்து அணைத்தால் இவன் மரம்போல ஆகிவிடுகிறான். பிறகு ‘ஸாரி’ சொல்லி அழுகிறான். அவன் குரல் உயர்ந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. எங்களுக்குள் காதல் போதவில்லையா?
– பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: காதலில் குறையே இல்லை. ஆபத்து என்று பட்டால் உடம்பு எதிர்க்கும் அல்லது ஓடும். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் உறைந்துவிடும். சிறுவனாக இருந்த அவருக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான். பின்பக்கத் தொடுதலோ, இருட்டோ, ஏதோ ஒரு வாசனையோ அதைக் கிளப்பும்போது, தொடுவது நீங்கள் என்று மனம் உணர்வதற்குள் உடம்பு முந்திக்கொள்கிறது.

இனி முன்னால் வந்து, குரல் கொடுத்து, கையை நீட்டுங்கள். பிடிப்பதா என்பது அவர் முடிவாக இருக்கட்டும். எங்கே தொடலாம், விளக்கு எரிய வேண்டுமா என்பதையெல்லாம் படுக்கையில் அல்ல, பகலில் டீ குடிக்கும்போது பேசி வையுங்கள். நிறுத்த ஒரு சொல் வேண்டும். உறைந்தவருக்கு வாய் வராது என்பதால், கையால் இரண்டு தட்டு என்று ஒரு சைகையும் வேண்டும். இரண்டும் வராமல் அவர் அசைவற்றுக் கிடந்தாலும் நிறுத்திவிடுங்கள். அதன்பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பல ஜோடிகள் சறுக்குவது இங்கேதான்: உங்கள் வருத்தத்தைப் பார்த்தவர் அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதிப்பார், பழைய காயம் இன்னும் ஆழமாகும்.

உறைந்த நேரத்தில் கட்டிப்பிடித்துத் தேற்றாதீர்கள். விளக்கைப் போட்டு, ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்து, அவர் பெயரையும் இன்றைய கிழமையையும் இருக்கும் இடத்தையும் மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு கண்ணில் படும் 5 பொருள், தொடக்கூடிய 4, காதில் விழும் 3 சத்தம், 2 வாசனை, 1 சுவை என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கை நனைப்பதும் உதவும்.

உங்கள் நடுக்கமும் அதே அளவு முக்கியம். சண்டை சூடானால் ‘20 நிமிடத்தில் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு ஒருவர் வெளியே போகலாம்; சொன்னபடி திரும்ப வேண்டும். சொல்லாமல் போவது உங்களைப் போன்றவருக்குத் தண்டனையாகவே படும். நம்பிக்கைக்காக என்றாலும் போன் பாஸ்வேர்டைப் பகிர வேண்டாம். பயத்தை அடக்கக் குடிப்பதும் வேண்டாம். போதையில் ‘நிறுத்து’ என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் மங்கிவிடும்.

கேள்வி: அந்தக் கொடுமையால்தான் இவன் ஆண்களை விரும்புகிறானா? அப்போது தன் உடம்பும் கிளர்ச்சி அடைந்தது என்று கூசுகிறான்.

பதில்: இல்லை. பெண்களை விரும்பும் ஆண்களிலும் இதே கொடுமைக்கு ஆளானவர்கள் இருக்கிறார்கள். வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வருவது போல, தொட்டால் உடம்பு தானாக எதிர்வினை காட்டும். அது சம்மதமோ விருப்பமோ ஆகாது. இதை அவரிடம் ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லுங்கள்.

கேள்வி: வேலூரில் எங்கே போவது? டாக்டர் எங்களை ‘மாற்ற’ப் பார்த்தால்?

பதில்: பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். முதலில் பேசிப் பார்க்க, 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் என்னும் அரசு மனநல உதவித் தொலைபேசிச் சேவை இலவசம், தமிழிலேயே பேசலாம். அதிர்ச்சிக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 8 முதல் 12 அமர்வு. சிறுவயதுக் கொடுமைக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்றில்லை. மனச்சோர்வுக்கும் அதிர்ச்சிக்கும் தரும் செர்ட்ரலின் போன்ற மாத்திரை தந்தால் பாலுறவு ஆசை குறையலாம். பயந்து திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாலீர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’யைத் தடுக்க சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவிட்டார், 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. அப்படி யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டார் பிடித்து வைப்பார்கள் என்ற பயம் இருந்தால், நம் மாவட்டத்தில் குடும்பத்தாரால் தடுத்து வைக்கப்பட்ட ஒரு பெண் தன் தோழியுடன் செல்லலாம் என்று 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நினைவில் வையுங்கள்.

மருத்துவமனையில் ‘உறவு என்ன?’ என்று கேட்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி வயதுவந்த யாரையும் நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை முடிவுகளில் துணை நிற்பவராகக் குறிப்பிடலாம். ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஒருவருக்கொருவர் எழுதி, சம்மதத்தையும் எழுத்தில் கொடுத்து, நகலைச் சிகிச்சைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.