கரகம் கட்டுபவரும் நில்ஸ்-ஊடோவும்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியிலிருந்து இந்த ரீயூனியன் தீவுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. போன வாரம் இங்கே நூலகத்தில் நில்ஸ்-ஊடோ என்ற ஜெர்மானியரின் படப்புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். இலை, பூ, பழம், குச்சி என்று காட்டில் கிடைத்ததை அடுக்கி வைத்துப் படம் எடுத்திருக்கிறார். நம் தீவுக்கும் வந்து செய்திருக்கிறார். கூட இருந்த என் மகள், "கோயில்ல கரகம் கட்டுற தாத்தாவும் இதைத்தானேம்மா செய்றாரு?" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுக்கியது வாடிப்போகிறது, படம் கேலரியில் விலைபோகிறது. இவர் கலைஞரா, போட்டோகிராபரா? அந்தத் தாத்தாவை மட்டும் ஏன் யாரும் கலைஞர் என்பதில்லை?

ச., சேன்-ஆந்த்ரே

அன்புள்ள ச.,

உங்கள் மகளுக்கு நல்ல கண். இங்கே கர்லோன் என்கிறார்களே, அந்தத் தீமிதிக் கரகத்தை ஆற்றங்கரையில் கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பூக்காம்பைக் கிள்ளும் அந்த விரல்களின் நிதானம் எல்லா ஓவியர்களுக்கும் வாய்க்காது. இருந்தாலும் இரண்டும் ஒன்று என்று சொல்ல எனக்குத் தயக்கம். கரகம் போகவேண்டிய பொருள். தலையில் ஏறி, ஊர்வலம் சுற்றி, தீக்குழிக்கு வந்து சேர வேண்டும். எந்த ஊரில் கட்டினாலும் கரகம்தான். நில்ஸ்-ஊடோ செய்வதைப் பத்தடி தள்ளி வைத்தால் கெட்டுவிடும்.

ஐரோப்பாவின் வடகடல் ஓரத்தில் 1982இல் அவர் கட்டிய 'நீர்வீடு' அப்படிப்பட்டது. ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) இறங்கினால் சேறாகக் கிடக்கும் திட்டில் மரத்தண்டுகளை நட்டு, பிர்ச் கிளையும் வில்லோ விளாறும் வைத்துக் கட்டியது. ஓதம் ஏறினால் வீட்டைச் சுற்றிக் கடல். அதையே ஒரு பூங்காவில் கட்டியிருந்தால் வெறும் குடிசை. (நம் கடற்கரையில் முயன்று பார்க்க வழியில்லை. ஓதம் இங்கே ஒரு மீட்டர்கூட ஏறாது.)

கலைஞரா, போட்டோகிராபரா என்ற கேள்விக்கு என் சொந்தத் தோல்விதான் பதில். கிரான் புரூலேயில், 2007இல் எரிமலை கடல்வரை கொட்டிய குழம்பின் மேல் ஒருநாள் நடந்தேன். மழை விட்ட நேரம், பாறை இடுக்குகளில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு வெடிப்பு நெடுக செம்பருத்தி இதழ்களை வரிசையாக வைத்து, குனிந்து போனில் எடுத்தேன். (ரோட்டோரச் செம்பருத்திதான், தேசியப் பூங்காவில் பறிக்கவில்லை!) வீட்டுக்கு வந்து பார்த்தால் கறுப்புக் கல்லில் சிவப்புப் பூ, காலண்டர் படம். ஆவி இல்லை, கடல் இல்லை, காலடியில் இருந்த சூடும் இல்லை. பூவை மட்டும் எடுத்துவிட்டு இடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அப்புறம்தான் நில்ஸ்-ஊடோவின் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். 1972இல் தூரிகையை வைத்துவிட்டாலும் அந்த மனிதர் ஓவியராகவே இருக்கிறார். எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது அடுக்கும்போதே முடிவாகியிருக்கும்போல. பெரும்பாலும் படத்தில் ஆள் இருக்காது, அதனால் அளவு தெரியாது. 1978இல் ஜெர்மனியின் லூனெபர்க் புதர்வெளியில் மண், கல், பிர்ச் மரம், புல் கொண்டு செய்த 'கூடு' ஏதோ பறவையுடையது என்று தோன்றும். உண்மையில் மனிதர்கள் இறங்கி உட்காரலாம், அத்தனை பெரிது. அந்தத் தடுமாற்றம் படத்தில்தான் முழுசாக நடக்கிறது. ஆகவே படம் விலைபோவதில் எனக்கு வருத்தமில்லை, அதுவும் வேலையில் பாதி. தான் எவ்வளவு கவனமாகத் தொட்டாலும் இயற்கைக்குக் காயம்தான் என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சரி, தாத்தா விஷயம். கரகம் பாதி கட்டியிருக்கும்போது படம் எடுக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். நிமிராமலே இந்தத் தீவின் கிரியோல் மொழியில் சொன்னார்: "இப்ப இது வெறும் பூ. தலையில ஏறட்டும், அப்புறம் எடு."